வலித்தாலும் ஆடு!

போன ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் பள்ளி மாணவிகளுக்கான கபடிப் போட்டி. மைதானத்தின் நடுவில் ஓர் அம்மா என் அண்ணன் மகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

“தன்னால ஆட முடியலன்னு எம்புள்ளயையும் ஆட விடாம உக்கார வச்சுட்டா! பொறாம புடிச்சவ!”

கூட்டம் கைதட்டாத குறைதான். அண்ணன் மகள் ஜெஸி தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாவின் மகளுடைய கணுக்காலில் ஐஸ் சுற்றிய துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எதற்கு இந்தத் திட்டு? அதைச் சொல்ல இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

ஜெஸி அப்போது பிளஸ் டூ. ஊர் நிலக்கோட்டைப் பக்கம். அவள் அப்பா, அதாவது என் அண்ணன், மல்லிகைப்பூ வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர். பள்ளிக் கபடி அணியின் உயிரே ஜெஸிதான். மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு எதிரணிக்குள் நுழைந்தால், யாரையாவது தொட்டுவிட்டு மீன் மாதிரி நழுவி வருவாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட், அப்புறம் போலீஸ் வேலை... வீட்டில் எல்லோரும் முடிவே செய்துவிட்டிருந்தார்கள்.

மாவட்டப் போட்டி, அரையிறுதி ஆட்டம். திரும்பி ஓடி வரும்போது, யாரும் பிடிக்காமலே விழுந்தாள். முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம். பி.டி. சார் ஓடி வந்தார். ஸ்ப்ரே அடித்தார். காலைப் பிடித்து ஒரு இழு இழுத்தார்.

“சுளுக்குத்தான் ஆத்தா. நாலு எட்டு நடந்தா சரியாப் போயிரும். எந்திரி.”

சாயங்காலத்துக்குள் முட்டி இளநீர்க் காய் மாதிரி வீங்கிவிட்டது. அண்ணன் பதறிப்போய், சுளுக்கு எடுக்கிறவரைக் கூட்டி வந்தார். அவர் எண்ணெயைக் காய்ச்சி, சூட்டோடு ஊற்றி, அழுத்தி நீவினார். ‘நீவினார்’ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். ஜெஸி போட்ட அலறல் தெருக்கோடி வரை கேட்டது என்று அண்ணி இன்றைக்கும் சொல்கிறார்.

மறுநாள் ஃபைனல்.

“சார், காலை மடக்கவே முடியல சார்.”

“நீ இல்லாட்டி டீமே இல்ல தாயி. பேண்டேஜ் இறுக்கிச் சுத்தித் தாரேன். வலிக்கத்தான் செய்யும். வலிச்சாலும் ஆடுறவதான் பிளேயர்.”

ஆடினாள். அணி ஜெயித்தது. கடைசியில் விழுந்தவளைத் தோழிகள் தூக்கி வந்தார்கள். மைக்கில் ‘வீராங்கனை, வீராங்கனை’ என்று முழங்கினார்கள். கப் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனது. ஜெஸி மதுரைக்குப் போனாள் — ஸ்கேன் எடுக்க.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “விழுந்த அன்னைக்கே ஆட்டத்தை நிறுத்தலையா?” என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்:

“முதல் நாள் அறுந்தது தசைநார். அதை ஆபரேஷன்ல சரி பண்ணலாம். ஆனா, அந்த முட்டியோட மறுபடி ஆட வச்சிருக்கீங்க. உள்ள மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு, அது கிழிஞ்சு போச்சு. இனி கபடி கஷ்டம்மா. அடிபட்டா உடனே நிறுத்தணும். துணியில சுத்தி ஐஸ் வைக்கணும். ரத்த ஓட்டம் நிக்காத அளவுக்குக் கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வச்சுட்டு டாக்டர்கிட்ட வரணும். ரெண்டு மூணு நாளைக்குச் சூடும் கூடாது, நீவவும் கூடாது. அம்புட்டுத்தான். இதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.”

வெளியே வந்ததும் அண்ணன் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தினமும் பூப்பெட்டியில ஐஸ் வச்சுத்தானடா தம்பி அனுப்புறேன். வாடிரக் கூடாதுன்னு... எம்புள்ள முட்டிக்குக் கொதிக்கிற எண்ணெய ஊத்தியிருக்கேனே.”

நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆத்திரம் தாங்காமல் பி.டி. சாரைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான். அவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். கோணலாக, கட்டை மாதிரி ஒரு முட்டி.

“நானும் காலேஜ்ல அடிபட்டவன்தான் சார். எங்க மாஸ்டரும் இப்படித்தான் ஆட விட்டாரு. இன்னைக்கு வரைக்கும் சம்மணம் போட்டு உக்கார முடியாது. அதுக்காக ஆடாம இருந்தேனா?”

பெருமையாகத்தான் சொன்னார்! கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. தனக்குச் செய்ததை அடுத்த தலைமுறைக்கும் பத்திரமாகச் செய்துகொடுக்கிறார். அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் முடிந்தது. ஜெஸி இப்போது பி.காம். படிக்கிறாள். படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறாள்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பழைய பள்ளி அணி ஆடுகிறது என்று ஜெஸிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அணியின் இப்போதைய நட்சத்திரம் கவிதா என்ற பத்தாம் வகுப்புப் பெண். ஆட்டம் சமநிலையில் இருந்தபோது கால் பிசகி விழுந்தாள். பி.டி. சார் ஸ்ப்ரேயோடு கிளம்பினார். அவருக்கு முன்னால், தன் காலைத் தாங்கித் தாங்கி ஜெஸி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“இழுக்காதீங்க சார். கவிதா, காலை ஊனி நிக்க முடியுதா?”

“முடியலக்கா.”

“அப்ப ஆட வேணாம். எக்ஸ்ரே எடுக்கணும். சித்தப்பா, கூல்டிரிங்ஸ் கடையில ஐஸ் கேட்டு வாங்கிட்டு வாங்க!”

“செத்த நேரந்தான் இருக்கு. மேட்ச் போயிரும்” என்றார் சார்.

“போகட்டும் சார்.”

மேட்ச் போயேவிட்டது. அப்போதுதான் கவிதாவின் அம்மா அப்படிக் கத்தியது. தோற்ற பெண்களும் ஜெஸியிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜெஸி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அழுதாளா? நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை.

திங்கட்கிழமை எக்ஸ்ரேயில் கணுக்கால் எலும்பில் விரிசல் தெரிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆடியிருந்தால் உடைந்து விலகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கவிதாவே எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஜெஸிக்குப் போன் செய்து சொன்னாள். அவள் அம்மா பேசவில்லை. பள்ளியில் பி.டி. சார், “பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன், நான்தான் ஆட வேணாம்னு நிறுத்துனேன்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெஸி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“சொல்லிட்டுப் போறாரு சித்தப்பா. அடுத்த புள்ளைக்கு நெசமாவே நிறுத்துனாப் போதும்.”

நிறுத்துவார் என்று நம்பத்தான் ஆசை. ஆனால் அடுத்த மாதம் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்குள் மாவுக்கட்டைப் பிரித்துவிட முடியுமா என்று கவிதாவின் அம்மா டாக்டரிடம் கேட்டிருக்கிறார்.