பார்டர் தாண்டி வந்த மாமா

எங்கள் வீடு கேரளத்தில், பாறசாலைக்குப் பக்கம். மீன் வாங்கக்கூட பார்டர் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் களியக்காவிளைக்குப் போகிறவர்கள் நாங்கள். என் ஏழு வயது மகள் அனு, மலையாளத்தில் வரும் வெளிநாட்டுக் காமிக்ஸ்களை விடாமல் வாசிப்பாள். அவற்றில் வெள்ளைக்கார வீரன் நாட்டைக் காப்பான். பார்டர் தாண்டி வருகிறவன் கறுத்து, தாடி வைத்து, பையில் வெடிகுண்டோடு வருவான். பிள்ளை வாசிக்கிறாளே என்று மகிழ்ந்தேனே தவிர, ஒன்றையும் நான் புரட்டிப் பார்த்ததில்லை.

கல்ஃபிலிருந்து பல வருடம் கழித்து வந்த என் அண்ணன், மார்த்தாண்டத்திலிருந்து எங்களைப் பார்க்க பஸ்ஸில் வந்தார். வெயிலில் கறுத்திருந்தார், தாடியும் வைத்திருந்தார். அனு அவரை நேரில் பார்த்ததே இல்லை. அழைத்துவரப் போன நான் பஸ் ஸ்டாப் கடையில் பழம் வாங்கிக்கொண்டிருக்க, பஸ்ஸிலிருந்து இறங்கிய அவர் அவளிடம் குனிந்து, "பார்டர் தாண்டி வாறேன் மக்கா. பையில உனக்கொரு சாமானம் உண்டு" என்றார்.

"அம்மா, பையில பாம் உண்டு!" என்று அனு அலறினாள்.

நான் திரும்புவதற்குள் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. ஒருவன் சட்டையைப் பிடித்து, "எவிடுந்நாடா வருந்நது?" என்று, எங்கிருந்து வருகிறான் எனக் கேட்டு உலுக்கினான். பயத்தில் அண்ணனுக்கு மலையாளமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. இன்னொருவன் கையை ஓங்கிவிட்டான்.

"எனக்க அண்ணனாக்கும்! விடுங்க!" என்று குறுக்கே பாய்ந்தேன். பையிலிருந்து மிட்டாய்கள் சிதறின.

நான் அடுத்த கடைக்குப் போயிருந்தால்? அண்ணன் அதற்குப் பிறகு தனியாக வருவதில்லை.

இப்போது காமிக்ஸை அனுவோடு உட்கார்ந்துதான் வாசிக்கிறேன். பெயரில்லாமல் வரும் கறுத்த ஆளுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்வேன். நேற்று ஒருவனுக்கு மாமாவின் பெயரை வைத்தாள். வீரன் அவனை நோக்கித் துப்பாக்கியை நீட்டியதும் புத்தகத்தை மூடிவிட்டாள்.