அக்கா ஏறாத ரயில்

இத்தாலியின் பலெர்மோவுக்கு நான் போனது பழைய ரயிலில் ஏறிப் பார்க்க. தொலைபேசியில் அக்காவிடம், "உங்களைப் பாக்க வாறன்" என்று மட்டும்தான் சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

ஜெர்மனியில் நான் தபால் வண்டி ஓட்டுகிறேன். விடுமுறை கிடைத்தால் பழைய ரயிலோ டிராமோ ஓடுகிற ஊர் எதுவென்று தேடிப் போய்விடுவேன். போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்த அக்காவும் அத்தானும் அங்கே ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். அத்தானுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் சமையலறையில் வேலை. அக்கா பகல் முழுவதும், 'சிஞ்ஞோரா' என்று அவர் மரியாதையாக அழைக்கும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பார்த்துக்கொண்டார். சிஞ்ஞோராவுக்கு மறதி அதிகம். அக்கா வீட்டுக்கு வந்த பிறகும் கண்ணாடி எங்கே, மருந்து எங்கே என்று அழைத்துக்கொண்டே இருப்பார்.

முதல் நாள் அக்காவை டிராமில் கூட்டிக்கொண்டு போனேன். பழைய டிராம்களை ஒரு காலத்தில் கைவிட்ட ஊர், இப்போது புதிதாகத் தண்டவாளம் போட்டு ஓடவிட்டிருந்தது. ஆறு விலகிப்போய் வெறும் புல்தரையில் நிற்கிற பழைய கல்பாலத்தின் அருகால் டிராம் வளைந்தபோது நான் எழுந்து நின்று படம் எடுத்தேன்.

"இதிலை என்ன கிடக்குது பாக்க?" என்றார் அக்கா. "நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறது இதிலைதானே."

ஞாயிற்றுக்கிழமை பழைய ரயில். மரஇருக்கைகள், ஒவ்வொரு பெட்டியிலும் வரிசையாகக் கதவுகள், மண்ணிறப் பூச்சு. பலெர்மோவிலிருந்து மலைகளைத் தாண்டி அக்ரிஜெந்தோ வரை போய்த் திரும்பும். சிஞ்ஞோராவோடு அன்றைக்கு அவருடைய மகள் இருப்பதாக ஏற்பாடு. இத்தனை வருடத்தில் அக்கா பக்கத்து ஊரான பகேரியாவைத் தாண்டிப் போனதே இல்லை என்பது ரயிலில் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

எதிரே இருந்த பெண்மணி அக்காவைப் பார்த்து அன்பாக ஏதோ கேட்டார். அக்கா என்னைக் காட்டிப் பதில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?"

"ஆரைப் பாத்துக்கொள்ள வந்தனி எண்டு கேக்கிறா. இவனைத்தான் எண்டன்."

கடலை விட்டு ரயில் மலைக்குள் திரும்பிய பிறகு ஒரு சின்ன ஸ்டேசனில் நின்றது. எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட வேண்டும். ஊர்க்காரர்கள் மேசை போட்டு, சூடான ரிக்கோத்தா பாற்கட்டியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். "கால் விறைச்சுப்போச்சு, ஒருக்கா நடந்திட்டு வாறன்" என்று அக்கா இறங்கினார். நான் என்ஜின் பக்கம் போனேன். விசில் ஊதியதும் கிட்ட இருந்த கதவால் ஏறி, பெட்டி பெட்டியாக நடந்து எங்கள் இடத்துக்கு வந்தேன். ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. இருக்கையில் அக்காவின் கைப்பை மட்டும் இருந்தது.

கழிவறைக்குப் போயிருப்பார் என்று கொஞ்சம் பொறுத்தேன். பிறகு கடைசிப் பெட்டிவரை போய்த் தேடினேன். அக்கா இல்லை. திரும்பி வந்தபோது கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. சிஞ்ஞோரா. எனக்கு இத்தாலியன் தெரியாது. "அக்கா நோ, சிஞ்ஞோரா, அக்கா நோ" என்றேன். அவர் தன்பாட்டில் எதையோ விசாரித்துக்கொண்டே இருந்தார்.

போரின் கடைசி மாதங்களில் அக்காவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. வேலைக்குப் போவதும் வந்து தொலைபேசியின் முன்னால் குந்தியிருப்பதுமாக நான் ஜெர்மனியில் கிடந்தேன். இப்போது அக்காவின் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் அப்படித்தான் குந்தியிருந்தேன். இது பட்டப்பகல், இங்கே சண்டை இல்லை, அக்காவுக்குப் பாஷை தெரியும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

எதிரே இருந்த பெண்மணி போய் கண்டக்டரைக் கூட்டி வந்தார். அவர் அந்த ஸ்டேசனில் நின்ற ஆட்களுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினார். பிறகு என் தோளில் கைவைத்து, "தூத்தோ அ போஸ்தோ" என்றார். எல்லாம் சரி என்று அர்த்தம். அக்கா ஸ்டேசன் வாங்குப்பலகையில் உட்கார்ந்திருப்பதையும் அடுத்த ரயிலில் ஏற்றிவிடப்போவதையும் கையால் நடித்துக் காட்டினார். பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி, நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்ற சந்தேகத்திலேயே நின்றது. அதன்பிறகு வந்த சுரங்கங்கள், பாலங்கள் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

அக்ரிஜெந்தோவில் மற்றவர்கள் கோயில் இடிபாடுகளைப் பார்க்கப் போனார்கள். நான் பிளாட்பாரத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் கண்டக்டர் சொன்ன அடுத்த ரயில் வந்தது, ஒரு சாதாரண ரயில். இறங்கிய ஆட்களின் நடுவே, ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அக்கா. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"மெல்லப் பிடி, ஊத்துப்படப்போகுது. உனக்குத்தான் கொண்டு வந்தனான்."

"பயந்துபோனியளோ அக்கா?"

"முதல்லை பயந்துதான் போனன். ரயிலுக்குப் பின்னாலை ஓடியும் பாத்தன். பிறகு ஒரு மனிசன் கோப்பி தந்தார். அந்த வாங்கிலை இருந்தன்." அக்கா கிண்ணத்தை என் கையில் தந்தார். "தம்பி, ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை. போனும் இல்லை. சும்மா மலையைப் பாத்துக்கொண்டு இருந்தன். இப்பிடி இருந்து எத்தனையோ வருசம்."

அக்காவின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நன்றாகத் தூங்கி எழுந்தவரைப் போல இருந்தார். நான் பட்ட பாட்டுக்கு ஒரு சத்தம் போடலாம் என்றிருந்தவன், சிரித்துவிட்டேன். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து, ஆறிப்போன ரிக்கோத்தாவை ஒரே கரண்டியால் மாறிமாறிச் சாப்பிட்டோம்.

திரும்பும்போது அக்கா ஜன்னல் ஓரம் இருந்தார். வெயில் தாழ்ந்து, அறுவடை முடிந்த வயல்கள் மஞ்சளாக ஓடின.

"எரிமலையைச் சுத்தி ஒரு சின்ன ரயில் ஓடுதாம். அந்த ஸ்டேசன் மனிசன் சொன்னவர். உண்மையே?"

"ஓம், அது எட்னா மலையடியிலை. அடுத்த முறை வரேக்கை போவம்."

"நீ அவசரப்படாமல் ஆறுதலா வா," என்றார் அக்கா. "நான் அதுக்கு முதல் ஒருக்காப் போயிட்டு வருவன்."