மட்டைக்கு நரம்பு கட்டுறவன் பட்ட பாடு

பெட்மின்டன் மட்டைக்கு நரம்பு கட்டுறது ரொம்ப நிம்மதியான தொழில், வாடிக்கையாளர் மட்டும் வராம இருந்தா. கடை வச்சி சனங்ககிட்ட பேச்சு வாங்குற சகோதரங்களே, கவலைப்படாதீங்க, மாத்தளை டவுன்ல நானும் ஒருத்தன் இருக்கேன்.

சீப்பு

நரம்பு கட்டுறதை இங்க எல்லாரும் 'கட்டிங்'னுதான் சொல்வாங்க. போர்டுலயும் அதையே எழுதி, பக்கத்துல ஒரு மட்டைப் படமும் போட்டேன். முதல் நாளே பல்லேபொல ஊர்ல இருந்து ஐயா ஒருத்தர் வந்து ஸ்டூல்ல உட்கார்ந்து தொப்பியைக் கழட்டினார். "காதுகிட்ட மட்டும் சின்னதாக்குங்க." இது மட்டைக் கடைன்னு விளக்கினேன். வெளியே போய்ப் படத்தை நல்லாப் பார்த்துட்டு வந்து சொன்னார்:

"நான் அது சீப்புன்னுல்ல நெனச்சேன்!"

முப்பது இறாத்தல்

யாழ்ப்பாணத்துல இருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஒருத்தர். வாரத்துல ஒரு நாள், அதுவும் வயித்தைக் குறைக்க விளையாடுறவர். உலக சாம்பியன் மாதிரி நரம்பை முப்பது இறாத்தல் இழுவையில இறுக்கணும்னார். "சேர், பழைய மட்டை, இருபத்திரண்டு போதும். பந்தும் சொன்ன இடத்துக்குப் போகும்"னேன். முறைச்சார். கட்டிக் குடுத்தேன். மூணாம் நாள் ரெண்டா உடைஞ்ச மட்டையோட வந்தார்.

"நான் சொன்ன உடன செய்யிறதோ? தொழில் தெரிஞ்ச நீங்களல்லோ மறிச்சிருக்க வேணும்!"

நுளம்பு மட்டை

லக்கல பஸ்ஸுக்குக் காத்திருந்த, நாங்க நானான்னு கூப்பிடுற அண்ணன் ஒருத்தர், கம்பி அறுந்த நுளம்பு அடிக்கிற கரண்ட் மட்டையை நீட்டினார். கம்பியைத் தொட்டுக் காட்டி, இது நரம்பு இல்லைன்னேன்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க தம்பி, எங்க பக்கம் நுளம்பும் யானை சைஸ்."

ஃபைனல்

மாவட்டப் போட்டி அன்னிக்கு வில்கமுவ ஊர்ப் பிள்ளை ஒண்ணு ஓடி வந்திச்சு. பேர் சுமையா. அவகிட்ட இருந்த ஒரே மட்டையோட நரம்பு அரையிறுதியில அறுந்து போச்சாம். இரவல் மட்டையில எப்படியோ ஜெயிச்சிட்டா. ஃபைனல் சாப்பாட்டுக்குப் பிறகு. நான் கட்ட உட்கார்ந்ததும் நரம்பைப் பிடிக்கிற மெஷின் கிளாம்ப் வழுக்க ஆரம்பிச்சது. அதுக்கும் நல்ல நேரம் பார்க்கத் தெரியும். பாதியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். கடையைப் பூட்டிட்டு, த்ரீவீல்ல அவளோடயே மைதானத்துக்குப் போனேன்.

கடைசி செட் பத்தொன்பது, இருபத்தொண்ணு. தோத்துட்டா. என் இழுவைதான் காலை வாரிடுச்சோன்னு அவ மட்டையையே பார்த்துக்கிட்டு நின்னேன். கண்ணைத் துடைச்சிக்கிட்டே நேரா என்கிட்ட வந்தா.

"நரம்பு நல்லாத்தான் இருந்திச்சு நானா, கைதான் நடுங்கிச்சு. அடுத்த முறை அதையும் இறுக்கி விடுங்க."

ஜெயிச்சா ஆடினவர் திறமை, தோத்தா கட்டினவன் குத்தம்னு பழகிப் போன எனக்கு, குத்தம் சொல்லாம விட்ட அந்த ஒருத்தியாலதான் அன்னிக்குச் சோறு இறங்கல.