மாதிரி வீட்டில் மாட்டிய படம்

முதியோர் குடியிருப்பில் வீடு காட்டும் வேலைக்கு முக்கியமான தகுதி ஒன்று உண்டு: வருகிறவர்கள் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்விக்கு, நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு இப்படி ஓர் இடம் பார்க்கப் போனவராக நீங்கள் இருந்தால், நீங்களும் என் கட்சி. காரில் ஏறும்போது ஒருவரும் ஒன்றும் பேச மாட்டார்கள். திரும்பி வரும்போது எல்லோரும் சாம்பாரைப் பற்றிப் பேசுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் புனேயில் இந்த வேலையில் இருந்தேன். என் கணவருக்குச் சிஞ்ச்வட்டில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் குடியிருப்போ ஊரின் மறுகோடியில், கோந்த்வாவைத் தாண்டி, அப்போது பொட்டலாகக் கிடந்த ஒரு மேட்டில் இருந்தது. விசாரிக்க வருகிறவர்களில் தமிழர்கள் அதிகம் என்பதால், தமிழ் பேச ஒரு பெண் வேண்டும் என்று மேனேஜர் ஜோஷி என்னை எடுத்துக்கொண்டார். வேலை சுலபம், சும்மா நடந்து காட்டினால் போதும் என்றார். மனிதர் அதைச் சிரிக்காமல் சொன்னார்.

லிஃப்டை அளந்தவர்

வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று முதல் வாரத்திலேயே எனக்குப் பாடம் ஆகிவிட்டது. மகன்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். மருமகள்கள் சமையலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். பெரியவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். சாங்வியிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. நேராக லிஃப்டுக்குப் போனார், உள்ளே நின்று இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கைகளை விரித்து அளந்தார். அப்புறம் மூலைக்கு மூலை அளந்தார்.

இரண்டே மாடி, படியும் தாழ்வான படிதான், சுலபமாக ஏறிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கூட வந்த பிள்ளைக்குத் தர்மசங்கடம், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர், இவளுக்குப் புரியவில்லையே என்பது போலப் பொறுமையாகச் சொன்னார்: "ஏர்றதுக்குப் படி இருக்கும்மா. எறங்கும்போது படுத்துக்கிட்டு எறங்கணும் இல்ல, அதான் பாக்குறேன்."

ஷாந்தாபாயின் மாலை

எங்களிடம் ஒரு மாதிரி வீடு இருந்தது, தரைத் தளத்தில் முதல் வீடு. வெறும் அறையைப் பார்த்தால் வயதானவர்களுக்கு மனசு ஒட்டாது, யாரோ குடியிருக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று ஜோஷி ஓர் அலங்காரக்காரரை வரவழைத்தார். அவர் சாய்வு நாற்காலி, பித்தளைச் செம்பு, சுவர்க் கடிகாரம் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். பழைய சாமான் விற்கிற ஜூனா பஜாரில் படச் சட்டங்கள் நாலைந்து வாங்கிவந்தார். அதில் ஒன்றில் ஒரு படமும் இருந்தது. கோட்டு போட்ட, காது கொஞ்சம் பெரிதாக இருந்த ஒரு மனிதர். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டியிருந்தார்கள். அழகாக இருக்கிறதே என்று அதையே நடுச்சுவரில் மாட்டி, கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பும் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெருக்கித் துடைக்கிற ஷாந்தாபாய் மறுநாள் காலை உள்ளே போனாள். நடுச்சுவரில் படம், படத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு. பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் கைக்காசில் ஒரு சந்தன மாலை வாங்கிவந்து போட்டுவிட்டாள். யாரென்று யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? விஷயம் தெரிந்து ஜோஷி தலையில் அடித்துக்கொண்டார், உடனே கழற்று என்றார். போட்ட மாலையைக் கழற்றினால் அவருக்குப் போக இடம் இருக்காது, அவர் இப்போது நம்மவர் ஆகிவிட்டார் என்று அவள் மராத்தியில் அடித்துச் சொன்னாள். ஜோஷி தானே நாற்காலி போட்டு ஏறினார். கையை நீட்டினார். என்ன தோன்றியதோ, அப்படியே இறங்கிவிட்டார். ஷாந்தாபாய் என்னிடம் திரும்பி, அவர் நம்மவர் ஆகிவிட்டார் என்பதையே மறுபடி மெல்லச் சொன்னாள்: "ஆதா தே ஆப்லே ஜாலே, மேடம்."

சூடான நாற்காலி

அதன்பின் அந்த வீட்டைக் காட்டுவது பெரும் பாடாகிவிட்டது. தமிழர்கள் உள்ளே நுழைந்ததும் மாலையைப் பார்ப்பார்கள், குரல் தானாக இறங்கும். இவர் இங்கே இருந்தவரா என்று மகள்கள் என் காதில் கேட்பார்கள். இல்லை, இது கடையில் வாங்கிய படம் என்று உள்ளதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. செத்தவர் படத்தை யாராவது கடையில் வாங்குவார்களா என்று என்னையே சந்தேகமாகப் பார்ப்பார்கள். நியாயம்தான்.

கோயமுத்தூரிலிருந்து மகனுடன் வந்த ஒரு பெரியவர் நல்ல கலகலப்பான மனிதர். எங்கள் ஊர்க்காரர் என்பதால் எனக்கும் வாய் நிறையப் பேச்சு. மாலையைப் பார்த்தும் அவர் அசரவில்லை. கால் வலிக்கிறது என்று சாய்வு நாற்காலியில் உட்காரப் போனவர், உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். நான் விளையாட்டு என்று நினைத்து நாற்காலித் துணியில் கையை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்றேன். அது வடக்குப் பார்த்த ஜன்னல், அன்றைக்குக் காலையிலிருந்து மழை வேறு. பெரியவர் படத்தைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டு மகனிடம் சொன்னார்: "வாடா கண்ணு, போலாம். அவரு நமக்கோசரம் எந்திரிச்சு நிக்கறாரு, பாவம்."

குங்குமம்

அந்த மழைக்காலத்தில்தான் ராஜேஸ்வரி அம்மா வந்தார். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், புனேக்கு வந்து முப்பது முப்பத்தைந்து வருஷம் இருக்கும். காய்கறிக்காரனிடம் பேசுவதுபோல என்னிடமும் பாதி மராத்தியில் ஆரம்பித்து, நான் தமிழ் என்று தெரிந்ததும் சிரித்தார். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. கூட வந்த மகன் முரளி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். இரண்டே மாதத்தில் குடும்பத்தோடு அமெரிக்கா போகிறான், அதற்குள் அம்மாவை ஓர் இடத்தில் சேர்க்க வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தான். அப்பாவும் உண்டா என்று கேட்டதற்கு, அம்மா மட்டும்தான் என்றான். குங்குமத்தைப் பார்த்ததும் எனக்குக் குழப்பம். ஆனால் இந்த வேலையில் குழப்பத்தையெல்லாம் முகத்தில் காட்டக் கூடாது.

மாதிரி வீட்டுக் கதவைத் திறந்தேன். முரளி முதலில் நுழைந்தான், நுழைந்த இடத்திலேயே நின்றுவிட்டான். நல்ல சிவப்பான பையன், முகம் வெளுத்துவிட்டது. பின்னால் வந்த அந்தம்மா அவனை விலக்கிக்கொண்டு நடுச்சுவருக்குப் போனார். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கத்தவில்லை, அழவில்லை. கை மட்டும் ஒரு தடவை நெற்றிக்குப் போய், குங்குமத்தைத் தொடாமல் பாதியிலேயே நின்றது. அப்புறம் என்னைப் பார்த்து, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்: "எப்பம்மா தவறினாரு?"

முரளி கேட்ட உதவி

நான் வாயைத் திறப்பதற்குள் முரளி என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். படத்தில் இருப்பது அவன் அப்பா தணிகாசலம். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவன் கல்லூரியில் படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாங்வியில் அவர்கள் அப்போது இருந்த வீட்டிலிருந்து முடி வெட்டிக்கொள்ளப் போனவர் திரும்பவில்லை. தேடாத இடமில்லை. இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அவன் அம்மா அன்றிலிருந்து குங்குமத்தை ஒரு நாளும் விடவில்லை, சமைக்கும்போது ஓர் ஆளுக்குக் கூடப் போடுவதையும் விடவில்லை. வீடு மாறியபோது, அந்தப் படத்தின் முன்னால் அம்மா நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல், இவன்தான் பழைய சாமான்காரனிடம் அதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். லாரியில் தொலைந்துபோனது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். அது இங்கே வந்து மாலையோடு உட்கார்ந்திருக்கிறது.

படம் எங்களிடம் வந்த கதையை நானும் சொன்னேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டான். தான் ஊரைவிட்டுப் போனபின், வாசலைப் பார்த்துக்கொண்டு அம்மா தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பரிதாபமாகத்தான் இருந்தது. அவன் கேட்டது இதுதான்: "இங்கதான் இருந்தாரு, நோயில்லாம போனாருன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, மேடம். எங்கம்மா காத்துட்டிருக்கிறத நிறுத்தட்டும்."

அந்தம்மாவின் முடிவு

உள்ளே திரும்பிப் போகிற வழியில் யோசித்தேன். ஒரு வார்த்தைதான். சொன்னால் அந்தம்மா அன்றைக்கே குங்குமத்தை அழித்துவிடுவார், கயிற்றைக் கழற்றிவிடுவார், நிம்மதியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஷாந்தாபாய் தெரியாமல் போட்ட மாலையை நான் தெரிந்தே போட்டதாக ஆகிவிடும். மனிதர் எங்கேயாவது உயிரோடு டீ குடித்துக்கொண்டிருந்தால்? சொல்ல முடியாது என்று முடிவு செய்துகொண்டு கதவைத் தள்ளினேன்.

என்னிடம் கேட்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அந்தம்மா மாலையைக் கழற்றி, சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீழே இருந்த சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. படம் வாங்கிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். முரளி தலையைக் குனிந்துகொண்டான்.  அந்தம்மா, இந்த வீடே வேண்டும், வேறு எதையும் காட்ட வேண்டாம் என்றார். மாலையை என் கையில் கொடுத்தார்: "இத எங்கயாச்சும் கண்ணுக்குப் படாம வெச்சிடும்மா. அவரு வந்து பாத்தா என்ன நெனப்பாரு?"

பக்கத்து நாற்காலி

யாரும் எடுக்காத வீடு போனதில் ஜோஷிக்கு மகா சந்தோஷம். ராஜேஸ்வரி அம்மா வந்து சேர்ந்தார், முரளி விமானம் ஏறினான். சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் அந்தம்மாவுக்கு ஓர் இடம். பக்கத்து நாற்காலியில் தன் துண்டைப் போட்டுவைப்பார், அதற்கு முன்னால் ஒரு தட்டும் வைக்கச் சொல்வார். அவர் சாப்பிட்டு எழும்வரை அந்தத் தட்டு அங்கேயே இருக்கும். மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். பரிமாறுகிற பெண் அந்தத் தட்டருகே வரும்போது குரலைத் தாழ்த்துவாள். நானும்தான்.

இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒரு நாள் மதியம், புதிதாகச் சேர்ந்த ஒரு டீச்சரம்மா இடம் தெரியாமல் அந்த நாற்காலியருகே போய் நின்றார். கூடமே கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ராஜேஸ்வரி அம்மா துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தட்டை டீச்சர் பக்கம் நகர்த்தினார். நான் ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்த்தேன். குங்குமம் எப்போதும்போல இருந்தது. முந்தின நாள் கொட்டுகிற மழை, வெளியாள் ஒருவர்கூட வரவில்லை என்று வாட்ச்மேன் பிற்பாடு என்னிடம் சத்தியம் செய்தான். ஆனால் டீச்சரிடம் அந்தம்மா ரசத்தைத் தள்ளிக்கொண்டே சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது: "தாராளமா உக்காருங்க, டீச்சர். இனிமே வர மாட்டேன்னு அவரே நேத்து வந்து சொல்லிட்டுப் போனாரு."

அதற்கப்புறமும் அந்த வேலையில் பல வருஷம் இருந்தேன், காலி வீடு என்று சொல்லி ஒரு வீட்டைக் காட்டும் தைரியம் மட்டும் எனக்குத் திரும்ப வரவே இல்லை.