போன் டாக்டர் முன்னால் உட்கார்ந்த பாக்கியம்

"மாமா, அம்மா போயிருச்சு. திரும்பி வாறோம்." பசறை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலிருந்து பாக்கியத்தின் மகன் சிவா போனில் இவ்வளவுதான் சொன்னான். மாலையில் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அழுதார்கள். அழுகைக்கு நடுவிலேயே இன்னொன்றும் பேசினார்கள்: "போன் டாக்டர நம்பித்தான் போய்ச் சேந்தா." அவளை அறிந்தவர்களே, அது பொய். நடந்ததைச் சொல்கிறேன்.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பாக்கியம் எனக்குப் பக்கத்துக் காம்பரா. கொழும்பில் வேலை செய்யும் மகள்தான் டாக்டரைப் பார்க்கும் ஆப்பை அவள் போனில் போட்டுக் கொடுத்தாள். எழுத்து எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. படத்தைப் பார்த்து அமுக்குவாள். சிக்னல் கிடைக்க மேலே பாறைக்கு ஏறவேண்டும். முதல் நாள் வேடிக்கை பார்க்க நாங்களும் ஏறினோம். போனைத் தேயிலைச் செடியில் சாய்த்து வைத்து எதிரே உட்கார்ந்தோம். டாக்டரம்மா முகம் வந்ததும் நான் தலைப்பாகையை அவிழ்த்துக் கைகட்டி எழுந்து நின்றேன். எல்லாரும் நின்றார்கள். தோட்டத்துத் துரைமார் முன்னால் நின்றே பழகிய உடம்பு. டாக்டரம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வயிறுகள்தான்.

"யாருக்குங்க சுகமில்ல? முகத்தக் காட்டுங்க."

உட்கார்ந்திருந்தவள் பாக்கியம் மட்டும். "எனக்குத்தாங்கம்மா. இவங்களுக்கு முதுகெலும்புல கோளாறு. அத அப்பறம் பாருங்க."

ஆஸ்பத்திரிக்குப் போனால் சிங்களம் தெரிந்த எவனாவது நமக்காகப் பேசுவான். நம் நோயை அவன் சொல்லுவான். டாக்டர் சொன்னதில் பாதியை விழுங்கிவிடுவான். டாக்டரம்மா தமிழில்தான் கேட்டார். ஆனாலும் பழக்கதோஷத்தில் சிவா முந்திக்கொண்டான்: "அம்மாவுக்கு லேசா மூச்சு வாங்கும்."

"வலி எனக்கு, வாய் உனக்காடா?" என்றாள். "லேசா இல்லீங்கம்மா. கூடையோட மலை ஏறுனா உசிரு போகுது."

அப்படிச் சொன்னதால்தான் டாக்டரம்மா அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்கு அனுப்பினார். இருதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. மருந்தை ஒருநாளும் விட்டவள் இல்லை.

கடைசி நாள், பாறைக்குப் பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கும்போது அவளுக்கு மார் அடைத்தது. விறகுக்குப் போயிருந்த நான் ஓடினேன். அந்த வலியிலும் அவளே போனை அமுக்கினாள். டாக்டரம்மா பார்த்த உடனேயே, "பேசிக்கிட்டு இருக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். மழையில் உடைந்த ரோட்டுக்கு ஆட்டோ வர மறுத்தது. நின்றது கொழுந்து லொறி ஒன்றுதான். ஏற்றிக்கொள்ளக் கேட்டோம்.

"கொழுந்து வாடிரும். மூட்டைய எடை போட்டு ஏத்திட்டுப் போகலாம், கொஞ்சம் பொறுங்க" என்று லொறியில் நின்றவர்களிடமிருந்து பதில் வந்தது.

பாக்கியம் என் கையைப் பிடித்தாள். "அண்ணே, மூட்டைக்குப் பொறவுதான் நானா? சத்தமாக் கேளு."

தொண்டை கிழியக் கேட்டேன். மூட்டைகள் ஏறின. கடைசியில்தான் அவளை ஏற்றினார்கள். சிவா கூடப் போனான்.

சாவு வீட்டில் எழுந்து நின்று நான் கேட்டது இதுதான்: "டாக்டரம்மா உடனே சொல்லிட்டாங்க. அதுக்கப்பறம் நாம யார நம்பி நின்னோம்?" இப்போது உங்களிடமும் கேட்கிறேன். இனி யாரும் பாக்கியத்தை ஏமாந்தவள் என்று சொல்லாதீர்கள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது "சத்தமாக் கேளு" என்ற அந்தக் குரல். அடுத்து இந்த மலையில் யாருக்கு மார் அடைத்தாலும், ஏற்றிய மூட்டையை என் கையாலேயே இறக்குவேன். வழக்குப் போடுகிறவர்கள் போடட்டும்.