சாயங்காலக் காய்ச்சலுக்கு ஒரு வாக்கியம்

சுரங்க ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். சென்னைப் பட்டணத்தில் பிரசவ வைத்தியம் படித்துத் தேறியவள் நான். மருந்துகள், எலும்புகள், கருவிகள் எல்லாவற்றின் பெயர்களையும் வரிசையாகச் சொல்வேன். அவற்றை வைத்து ஒரு முழு வாக்கியம் பேச வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை.

தங்க வயலில் பெரும்பாலோருக்கும் வரவில்லை. வேலை முறைக்கு ஷிப்ட், ஆள் இறங்கும் கூண்டுக்குக் கேஜ், சுரங்கத் தளத்துக்கு லெவல் என்று பூமிக்கு அடியில் ஒற்றை வார்த்தைகளாலேயே வேலை நடந்தது. வார்டிலும் அதே பழக்கம். காலையில் வெள்ளைக்கார டாக்டர் கட்டில் கட்டிலாக வருவார். நான் பக்கத்தில் நின்று, "ஃபீவர், நோ. மில்க், எஸ். ஸ்லீப், குட்" என்பேன். அவர் தலையசைத்து நகர்வார். வேலை சீக்கிரம் முடியும். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஜன்னல் ஓரக் கட்டிலில் பாலகாட் சுரங்கக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். தலைப்பிரசவம். குழந்தை நன்றாக இருந்தது. அவளுக்குத்தான் காலையில் உடம்பு குளிர்ந்திருக்கும், விளக்கு வைக்கும் நேரத்துக்கு நெற்றி சுடும், அடிவயிறு வலிக்கும். வார்டுக்கென்று வெப்பமானி கிடையாது. டாக்டரின் பையோடு வரும், பையோடு போகும். அதனால் காலைக் குளிர்ச்சி மட்டுமே அவருக்குத் தெரியும்.

"டுமாரோ, ஹோம்" என்றார் ஒரு நாள்.

"ஈவினிங், ஃபீவர்" என்றேன்.

வெப்பமானியைப் பார்த்து, "நோ ஃபீவர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பிரசவக் காய்ச்சலோடு வீட்டுக்குப் போகிறவளின் கதி என்ன என்று எனக்குத் தெரியும்.

அன்று இரவு வீட்டில் சோறு வடித்துக்கொண்டே வாக்கியம் கட்டினேன். காலையில் இல்லை, சாயங்காலம் வருகிறது, வயிறும் வலிக்கிறது, ஆகையால் இங்கேயே இருக்கட்டும். இந்த வரிசையில் போனால் "ஆகையால்" வருவதற்குள் அவர் இரண்டு கட்டில் தாண்டியிருப்பார். முடிவை முன்னால் வைத்தேன். பிறகு காரணம். உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.

சுரங்கத்தில் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்த அப்பா, அதற்குத் தமிழில் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"இன்னாம்மா, துரைக்கே உத்தரவு போடுற மாதிரி கீது?"

"உத்தரவு இல்லப்பா, சமாச்சாரம்."

"அது உனுக்குத் தெரியும். எங்க லெவல்ல ஒருத்தன் அப்படித்தான் முழுசாப் பேசினான். மறுநாள் ஷிப்டுல அவன் இல்ல. ஒரு வார்த்தையோட நிறுத்திக்க."

"ஒரு வார்த்தை சொல்லிப் பாத்தாச்சுப்பா."

"வேலை போச்சுன்னா?"

"அந்தப் பொண்ணு போச்சுன்னா?"

அவர் குழம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கட்டுத்துணி மடித்தபடி வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வார்டு ஆயா துடைப்பத்தோடு நின்று பார்த்தாள்.

"இன்னா நர்சம்மா, யார்கூட சண்டை?"

"டாக்டர்கூட."

"அப்ப நான் வெளியே பெருக்கறேன். முடிஞ்சதும் கூப்புடு."

டாக்டர் ஜன்னல் கட்டிலுக்கு வந்து, "ஹோம்" என்றார்.

"ஷீ மஸ்ட் ஸ்டே ஹியர், சார்" என்றேன். அவர் திரும்பினார். பாதி சொல்லி நிறுத்தினால் அது வெறும் திமிராகிவிடும் என்று தோன்றியது. "பிகாஸ் தி ஃபீவர் கம்ஸ் பேக் எவ்ரி ஈவினிங்."

"ஹௌ டூ யூ நோ?"

"ஐ டச் ஹெர் ஃபோர்ஹெட் எவ்ரி ஈவினிங், சார்."

அவர் முகம் சிவந்தது. மீதிக் கட்டில்களைப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் அவளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அன்று உத்தரவு வரவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவரே வந்தார். வெப்பமானியை வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். புது மருந்து சொன்னார். வெப்பமானியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் காலையில் "ஃபீவர், நோ" என்று நான் தொடங்கினால் அவர் தலையசைப்பதில்லை. மீதி வரட்டும் என்று நிற்பார். ஒவ்வொரு கட்டிலுக்கும் வாக்கியம் கட்ட வேண்டியதாயிற்று. நேரம் பிடித்தது. ஆயா முணுமுணுத்தாள்.

ஒரு சாயங்காலம் ஜன்னல் கட்டில்காரிக்குக் காய்ச்சல் வரவில்லை. மறுநாள் காலையில் டாக்டரிடம் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பலாமா என்று அவர் என்னையே கேட்டார்.

"ஐ வான்ட் ஒன் மோர் ஈவினிங், சார்."

அவர் சரி என்று நகர்ந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"இன்னா நர்சம்மா, தொரையே போன்னு சொல்றாரு போல கீது. நீ வுடமாட்டேன்றியே?"

"ஒரு சாயங்காலம் பொறுத்துக்க. நாளைக்கு நானே வாசல் வரைக்கும் வர்றேன்" என்றேன்.