பச்சை மேலா, கறுப்பு மேலா

மெர்வின் கில்லிலாண்ட் இருபத்தாறு வருடம் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவன். தெருவிளக்கு பழுது பார்க்கிற வண்டி எங்களுடையது. ஆள் ஏறுகிற கூடை வைத்த ஸ்கை லிஃப்ட். பெல்ஃபாஸ்டில் இந்த வேலைக்கு ஜோடியாகத்தான் அனுப்புவார்கள். அதிலும் ஒரு கத்தோலிக்கன், ஒரு புரொட்டஸ்டன்ட். நல்லிணக்கம் என்று யாரும் நெகிழ வேண்டாம். கத்தோலிக்கத் தெருவில் நான் கூடையில் ஏறுவேன், அவன் கீழே நின்று வண்டியைப் பார்த்துக்கொள்வான். இரண்டு கூட்டத்தையும் பிரிக்கிற சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் அவன் மேலே, நான் கீழே. எந்தக் காகிதத்திலும் எழுதாத விதி. கம்பத்தில் கொடி இருக்கிறதே, அதனால்.

எங்கள் கொடி, அவர்கள் கொடி என்று இரண்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் தெருக்களில் பாலஸ்தீனக் கொடியும் பறக்கும், அவன் தெருக்களில் இஸ்ரேல் கொடியும் பறக்கும். அடுத்தவன் வந்து பிடித்துக்கொண்ட மண் எங்களுடையது என்று எங்களுக்கு நினைப்பு. அதனால் பாலஸ்தீனக்காரனைப் பார்த்தால் தாய்மாமன் மகன் மாதிரி. சுற்றிலும் ஆகாதவர்கள் நடுவில் நிற்கிறோம் என்று அவர்களுக்கு நினைப்பு. அதனால் இஸ்ரேல்காரன் அவர்களுக்குப் பெரியப்பா மகன். அங்கே போய்வந்தவன் இரண்டு பக்கத்திலும் எவனும் கிடையாது. அங்கே குண்டு விழுந்தால் இங்கே கொடி கட்டுகிற பிளாஸ்டிக் கேபிள் டை விற்பனை ஏறும். அந்த ஊர்ச் சண்டை எங்கள் ஊருக்கு வரும்போது எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும்.

அதற்காக எல்லாம் வேஷம் என்றும் சொல்ல மாட்டேன். என் அக்கா டிம்ப்னா அங்கே ஒரு மருத்துவமனைக்காக ஒரு மாதம் சனிக்கிழமை ரொட்டி விற்ற பணம் முழுவதையும் கொடுத்தாள். மெர்வினின் ஜெபக்கூடத்தில் அங்கே பிணைக்கைதிகளாகப் பிடிபட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து அழுதார்கள். இரண்டும் நிஜ அழுகைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் கொடி கட்ட ஏணியைத் தேடுவார்கள், அதுதான் எங்கள் ஊர்.

மெர்வினைப் பற்றிச் சொல்ல வந்தேன். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன். முப்பது அடி உயரத்தில் காற்றடித்தாலும் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்வான். தரையில் ஒரு வாத்து குறுக்கே வந்தால் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வான். அவன் மனைவி லோர்னா கேரவன் விற்கிற ஒருத்தனோடு ஸ்காட்லாந்துக்குப் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. அதைப் பற்றி அவன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். அந்த கேரவன் மழைக்கு ஒழுகும், எனக்குத் தெரியும் என்றான். அவ்வளவுதான்.

ஐம்பத்தெட்டு வயதில் அவனுக்கு என் அக்கா மேல் ஆசை வந்தது.

அக்கா கணவனை இழந்தவள். சுவருக்கு இந்தப் பக்கம், கில்மோரா தெரு முனையில் பேக்கரி வைத்திருக்கிறாள். கல்லில் சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டிக்கு அவளிடம் வரிசை நிற்கும். மெர்வின் முதலில் ரொட்டிக்காக வந்தான், பிறகு ரொட்டி சாக்காயிற்று. கடைக்கு எதிரே இருக்கிற முப்பத்தொன்றாம் நம்பர் கம்பம் அவனுக்குக் கை கொடுத்தது. அந்த விளக்கு சரியாக எரியவில்லை என்று மூன்று வருடத்தில் பதினான்கு புகார் போயிருக்கிறது. பதினான்கும் இவன் கொடுத்ததுதான். ஆபீஸ் கணக்கில் அது பெல்ஃபாஸ்டிலேயே பெரிய நோயாளி. நான் கூடையில் ஏறி, நன்றாக எரிகிற விளக்கைத் துடைத்துவிட்டு இறங்குவேன். அதற்குள் இவன் மஞ்சள் வேலைச் சட்டையோடு பின்சந்து வழியாக அக்கா சமையலறைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவான்.

அக்காவுக்கு இந்தப் பின்சந்து ஏற்பாடு பிடிக்கவில்லை. போன கோடையில் அவனிடம் நேராகச் சொல்லிவிட்டாள். "ஏதோ கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்து முழுங்கறே, எனக்குத் தெரியுது. பட்டப்பகல்ல, தெருவே பாக்க, முன்வாசல் வழியா வந்து கேளு. பின்கதவுல வர்றவனுக்கு நான் பதில் சொல்றதில்ல."

முன்வாசல் என்றால் இரண்டு எட்டுதான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்துத் தோர்ன்பெரி தெரு மெர்வின் கில்லிலாண்ட், மஞ்சள் சட்டை இல்லாமல், வேலை எதுவும் இல்லாமல், கில்மோரா தெருவில் நடந்து வந்து ஒரு கதவைத் தட்டுவது என்பது வேறு. நான்கு மாதம் யோசித்தான். வாத்தைப் பார்த்த மாதிரியே இருந்தான்.

அக்டோபரில் அந்த விளக்கு நிஜமாகவே கெட்டுப்போனது. பதினைந்தாவது புகாரை வேறு யாரோ கொடுத்திருந்தார்கள். மெர்வின் மனசு புண்பட்டுவிட்டது. நாங்கள் போன அன்று எனக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தது, கூடையில் கால் வைக்க முடியவில்லை. காலை வேளை, தெருவில் ஆளில்லை, பத்து நிமிட வேலை. நானே ஏறுகிறேன் என்றான். இருபத்தாறு வருட விதியைப் பத்து நிமிடத்துக்காக மீறினோம்.

பாலஸ்தீனக் கொடி விளக்குக்கு நேர் கீழே கட்டியிருந்தது. அதை எடுக்காமல் கூடை கிட்டே போகாது. மெர்வின் கேபிள் டையை வெட்டி, கொடியைத் தரையில் படவிடாமல் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். விளக்கை மாற்றினான். திருப்பிக் கட்டும்போது ஒரு நிமிடம் யோசித்தான் என்று பிறகு சொன்னான். நான் பார்க்கவில்லை. முழங்காலை நீட்டிக்கொண்டு, வண்டிக்குள் சூடான ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அது என் குற்றம்தான்.

மறுநாள் பேட்ஸி டோர்னன் பேக்கரிக்கு வந்தான். எங்கள் தெருவில் கொடி, ஊர்வலம், சுவர்ச் சித்திரம் எல்லாம் அவன் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு இல்லை, அவனே எடுத்துக்கொண்டது. கத்தவில்லை. அரை டஜன் பன் வாங்கிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னானாம். கொடி தலைகீழாகப் பறக்கிறது, கட்டினவன் யார் என்று தெரியும், அவன் எதற்கு இந்தப் பக்கம் வருகிறான் என்பதும் தெரியும், இனிமேல் வரவேண்டாம்.

இது அவமானம் என்பதில் தெருவில் ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. மெர்வின் ஆட்கள் தங்கள் பிரிட்டிஷ் கொடி யூனியன் ஜாக் தலைகீழாக இருந்தால் அரை மைல் தள்ளியே கண்டுபிடிப்பார்கள். வெள்ளைப்பட்டை எந்தப் பக்கம் அகலம் என்பது தாய்ப்பாலோடு வருகிற படிப்பு. அப்படிப்பட்டவன் ஒருத்தன் தெரியாமல் தலைகீழாகக் கட்டினான் என்றால் யார் நம்புவார்கள்? நானே ஒரு ராத்திரி நம்பவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் நடந்தது அதுதான்.

அக்கா மட்டும் பேட்ஸியிடம் பன்னுக்கு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை பதினொரு மணிக்கு மெர்வினே வந்து சரியாகக் கட்டுவான், எல்லாரையும் வரச் சொல் என்றிருக்கிறாள். சொன்ன பிறகுதான் எனக்கு போன் செய்தாள். நான் மெர்வினிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்.

"வரலேன்னா?"

"வரலேன்னா இனி ஒருக்காலும் வர வேணாம்னு சொல்லச் சொன்னா. முன்பக்கமும் வேணாம், பின்பக்கமும் வேணாம்."

சனிக்கிழமை வந்தான். வேலைச் சட்டை இல்லை, வண்டி இல்லை. ஜெபக்கூடத்துக்குப் போடுகிற சாம்பல் நிறக் கோட்டும் டையும், தோளில் சொந்த ஏணி. சுவரில் இருக்கிற வாயிற்கதவு வழியாக இந்தப் பக்கம் வந்து நடுத்தெருவில் நடந்து வந்தான். கில்மோரா தெரு முழுவதும் வெளியே நின்றது. அக்கா மாவு படிந்த கையோடு கடை வாசலில் நின்றாள். அவனைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

பேட்ஸி கம்பத்தின் அடியில் கை கட்டி நின்றான். "தலைகீழாக் கட்டுனா என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

மெர்வின் ஏணியை இறக்கி வைத்தான். "தலைகீழுன்னு எனக்குத் தெரியாது. எங்க பக்கம் பறக்கற இஸ்ரேல் நட்சத்திரக் கொடிய எப்படிக் கட்டினாலும் ஒண்ணுதான், அதுல பழகிட்டேன். இத எப்படிக் கட்டறதுன்னு சந்தேகம் வந்துச்சு. அதான் பாத்துக் கட்டினேன்."

"எதப் பாத்து?"

மெர்வின் கையை நீட்டினான். எல்லோரும் திரும்பினோம்.

தெரு முனையில் கடைசி வீட்டின் பக்கச்சுவர் முழுக்க பாலஸ்தீனக் கொடி. இரண்டு மாடி உயரம், நடுவில் ஒரு புறா. பேட்ஸியே சாரம் கட்டி வரைந்தது. மேலே பச்சை, நடுவில் வெள்ளை, கீழே கறுப்பு. கம்பத்தில் மெர்வின் கட்டின கொடியும் அச்சு அசல் அப்படியே.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சுவர்தான் சரி, கம்பத்தில் முன்னால் இருந்ததுதான் தப்பு என்று ஒரு கட்சி பிறந்தது. ஒருத்தி கோட்டில் குத்தியிருந்த கொடி வில்லையைக் காட்டினாள். அதில் கறுப்பு மேலே. நீ வில்லையைத் தலைகீழாகக் குத்தியிருக்கிறாய் என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் போனில் படம் தேடி எடுத்து, எந்தப் பக்கம் திருப்பினாலும் படமும் கூடவே திரும்புகிறதே என்று போனோடு மல்லுக்கட்டினான். இத்தனை வருடமாக ஊர்வலம் போன தெரு. ஒருத்தருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

அப்போது மருந்துக்கடை சுஹைல் பால் வாங்க வந்தான். எங்கள் தெருவில் நிஜமான பாலஸ்தீனக்காரன் அவன் ஒருத்தன்தான். கூட்டத்தைப் பார்த்ததும் நழுவப் பார்த்தான், பேட்ஸி விடவில்லை.

"டாக்டரே, நீயே சொல்லு. பச்சை மேலயா, கறுப்பு மேலயா?" மாத்திரை கொடுக்கிறவனெல்லாம் பேட்ஸிக்கு டாக்டர்தான்.

சுஹைல் சுவரைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான், பேட்ஸியைப் பார்த்தான். "கறுப்பு" என்றான், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"ரெண்டு வருஷமா தினம் இதத் தாண்டித்தானேய்யா கடை தெறக்கப் போறே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிண்ணே சொல்றது? எங்க அக்கா வீடு இருந்த தெருவே அங்க இப்ப இல்ல. அது இடிஞ்ச வாரம் இங்க வெளிய வந்து பாத்தேன். யாரு எவருன்னே தெரியாத ஆளுங்க மழைல நனைஞ்சுக்கிட்டு எங்க ஊர்க் கொடிய வரைஞ்சுக்கிட்டு இருந்தீங்க. அதுல போயி பச்சை கறுப்புன்னு குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல."

பேட்ஸி தொப்பியைக் கழற்றினான். மழை தூறியது. சுஹைலின் அக்காவைப் பற்றி நாங்கள் ஒருத்தரும் அதுவரை கேட்டதில்லை. கொடி கட்டினோம், கேட்கவில்லை.

பேட்ஸி சுவரைத் திரும்பிப் பார்த்தான். "பச்சைய மொதல்ல அடிச்சேன். கை தானாப் போயிருச்சு." அயர்லாந்துக்காரன் கை வேறு எங்கே போகும்? எங்கள் கொடியும் பச்சையில்தான் ஆரம்பிக்கிறது. கூட்டத்தில் ஒரு கிழவி, இவனை விட்டிருந்தால் புறாவுக்கும் பச்சை அடித்திருப்பான் என்றாள். முதலில் சிரித்தது சுஹைல்.

மெர்வின் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினான். ஏணி ஈரத்தில் வழுக்கியது. கேட்காமலே பேட்ஸி வந்து கீழே பிடித்துக்கொண்டான். மேலிருந்து மெர்வின் சுஹைலிடம் மூன்று தடவை கேட்டுக் கேட்டுக் கட்டினான். மூன்றாம் தடவை சுஹைல், "போதுங்க, அழகா இருக்கு" என்றான். சுவரைத் திருத்துவது அவ்வளவு லேசில்லை. கறுப்பை மேலே கொண்டு வந்தால் புறா எங்கே போகும் என்று பேட்ஸி அப்போதே தலையைச் சொறிய ஆரம்பித்துவிட்டான்.

மெர்வின் இறங்கினான், கையைக் கைக்குட்டையில் துடைத்தான், கோட்டை மாட்டினான். கூட்டம் கலையவில்லை. கொடி முடிந்தது, அடுத்தது என்ன என்று தெருவுக்குத் தெரியும். அவன் நேராக நடந்து, பேக்கரி முன்வாசலில் போய் நின்று, திறந்திருந்த கதவைத் தட்டினான்.

"உள்ள வா" என்றாள் அக்கா. "கதவு அப்படியே இருக்கட்டும். பாக்கறவங்க பாக்கட்டும்."

நானும் முழங்காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். அக்டோபர் காற்று நேராக உள்ளே அடித்தது. நாங்கள் மூவரும் டீக்கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். தெருவில் முக்கால்வாசிப் பேர் ஒன்றும் தெரியாதவர்கள் போல் இரண்டு இரண்டு தடவை வாசலைக் கடந்தார்கள். கிழவி ஒருத்தி உள்ளே வந்தே விட்டாள்; ரொட்டி வாங்கவில்லை, அவன் ஷூவைப் பார்த்துவிட்டுப் போனாள். மெர்வினுக்குப் பல் கிட்டியது. குளிரா பயமா என்று சொல்ல முடியாது.

ஒரு மணி நேரம் கழித்து ஒருவழியாகக் கேட்டான். என்ன வார்த்தை சொல்லிக் கேட்டான் என்று நான் எழுத மாட்டேன், அது அவன் விஷயம். அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கேட்டாச்சா?" என்றாள். "சரி. இப்ப எழுந்து போயி கதவச் சாத்து. குளிருது."

போய்ச் சாத்தினான், உள்பக்கமிருந்து.